பட்டம் ஒன்றுதான், சம்பளம் ஏன் வேறு?

மலைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் வரை கை கொடுக்கும் அரசு, அதற்குப் பிறகும் உடன் வர வேண்டும்.

ஏற்காடு ஒன்றியத்தின் வாழவந்தி ஊராட்சியில் பல வீடுகளுக்குக் காபியும் மிளகும்தான் பிழைப்பு. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி இது. கல்லூரி என்றால் பெரும்பாலும் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். இதே மலையில்தான் 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியும் இருக்கிறது. சசி தரூரும் அன்புமணி ராமதாஸும் படித்த பள்ளி அது. மலை ஒன்றுதான், பிள்ளைகள் கிளம்பும் இடம் வேறு.

படிக்க வைப்பதில் தமிழ்நாடு குறை வைக்கவில்லை. 2010-ல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என வந்த திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு?

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என ஒவ்வொருவரின் படிப்பையும் எழுத வேண்டும். மூத்த பிள்ளை அந்தச் சலுகையில் படித்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு அது கிடையாது. அந்த வீடு கரையேறிவிட்டது என்று கணக்கு. மூத்த பிள்ளை என்ன சம்பளத்துக்குப் போனது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

ஆனால் பட்டம் ஒன்றானாலும் சம்பளம் ஒன்றாவதில்லை. பிரிட்டனின் நிதி ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பாடம் படித்தவர்களிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சுமார் 10 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. இந்தியாவில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தகுதியே முக்கியம் என்று சொன்ன மனிதவள அதிகாரிகளே நேர்காணலில் குடும்பப் பின்னணியை விசாரிப்பது பதிவானது. அப்பாவின் வேலையைக் கேட்டுப் பிள்ளையின் திறமையை எடைபோடுவது அநியாயம்.

சம்பளம் வேறுபட இன்னொரு காரணம், காத்திருக்க முடியாமை. நல்ல வேலை கிடைக்கும்வரை ஓராண்டு வீட்டில் இருந்து தேர்வுக்குத் தயாராக, தினக்கூலி வீட்டுப் பிள்ளையால் முடியாது. கிடைத்த வேலையில் சேர்கிறது. அடுத்த நிறுவனமும் அந்தச் சம்பளத்தை வைத்தே பேரம் பேசுகிறது. முதல் வேலையின் பள்ளம் பல ஆண்டுகள் தொடர்கிறது.

இதற்கான வழி அரசின் கையிலேயே இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில், குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு 10 மாதங்கள் மாதம் 7,500 ரூபாய் தரும் ஏற்பாடு 2023-ல் வந்தது. அதே உதவியை, வேலை தேடும் பழங்குடி முதல் பட்டதாரிகள் எல்லோருக்கும் கொடுக்கலாம். காத்திருக்கும் வசதி, பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே உரிய சொத்தாக இருக்கக் கூடாது.