பந்தலுக்குக் கீழே ஒரு பந்தி

கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ந்த ஈரத்தில், வாலைத் தூக்கியபடி தத்தித் திரியும் கறுப்பு வெள்ளைப் பறவை குண்டுக்கரிச்சான். வண்டு, நத்தை, மண்புழு, சில நேரம் சின்னப் பல்லி என எதையும் விடாது. காய்ந்த கரட்டில் வாழும் அதன் பங்காளி கருஞ்சிட்டுக்குக் கறையானும் எறும்பும்தான் பெரும்பாலும் வாய்க்கும். புழு கிடைக்க ஈர மண் வேண்டுமே!

மண்புழு மண்ணைத் தின்று வாழ்கிறது என்பது பாதி உண்மைதான். மண்ணோடு உள்ளே போகும் மட்கிய இலை, சாணம், அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவைதான் அதற்குச் சத்து. புழுவுக்குப் பல் கிடையாது. விழுங்கிய மணலே அரைவைப்பையில் அம்மிக்கல்லாகிறது. மிச்சம் குருணை குருணையாக வெளியே வரும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டில் பத்து டன்னுக்கும் மேலான மண் இப்படிப் புழுக்களின் வயிற்றைக் கடக்கிறது என்று 1881-இல் டார்வின் எழுதினார். பத்தே ஆண்டில், 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் நாங்கூழ்ப் புழுவின், அதாவது மண்புழுவின், உழைப்பைப் புகழ்ந்தார் சுந்தரம் பிள்ளை.

பாடப்புத்தகத்தில் உணவுச்சங்கிலி பச்சைப் புல்லில் தொடங்கும். திராட்சைப் பந்தலடியில் அது உதிர்ந்த இலையில் தொடங்குகிறது. இலையைப் புழு, புழுவைக் கரிச்சான், கரிச்சானை வல்லூறு.

இலைமேல் அடித்த மருந்துக்கும் இதே பாதைதான். 1950-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. பூச்சிக்கொல்லி அடித்தார்கள். உதிர்ந்த இலையைத் தின்ற புழுக்களின் உடம்பில் நஞ்சு தங்கியது. வசந்தத்தில் திரும்பி வந்து அவற்றைக் கொத்திய ராபின் பறவைகள் துடித்துச் செத்தன. ஒரு ராபினைக் கொல்ல 11 பெரிய புழுக்களே போதும் என்று கண்டார்கள். 1962-இல் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' நூல் இதை ஊரறியச் செய்தது.

இந்திய விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989-இல் தடை வந்துவிட்டது. ஆனால் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அதிலுள்ள செம்பு சிதையாது. தெளிக்கத் தெளிக்க மேல்மண்ணில் சேரும். அளவு மிஞ்சினால் புழுக்கள் குறையும். டி.டி.டி. பறவையையே கொன்றது, செம்பு அதன் சாப்பாட்டில் கைவைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்தாகப் படுகிறது. செத்த பறவை கண்ணில் படும், குறைந்துபோன புழு படாது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சுமப்பது இந்த மண். எனவே தோட்டக்காரர்களே, நோயில்லாத கவாத்து இலைக்குத் தீ வைக்காமல் சாணத்தோடு மட்கவிட்டு வேரடியில் போடுங்கள். மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது செம்பின் அளவையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.