மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். வந்த விநாடிகளை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி வெட்டியது என்று தெரிந்துவிடும். ஆறு விநாடி என்றால் இரண்டு கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையில் ஏறுகிறவர்களும், சுற்றுவட்டாரத்து மல்லாட்டைக் கொல்லைகளில் வேலை செய்கிறவர்களும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

மின்னலும் இடியும் ஒன்றாகவே பிறக்கின்றன. மின்னல் பாயும் பாதையில் காற்று ஒரு நொடிப்பொழுதில் சுமார் 30,000 டிகிரி வரை சூடேறி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்புதான் இடி. ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாய்வதால் உடனே தெரிகிறது. ஒலியோ நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், விநாடிக்கு 350 மீட்டர்தான் போகும்.

இதே முறையில் ஒலியின் வேகத்தை நம் மண்ணிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை வானாய்வகத்தில் வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1820, 1821 ஆண்டுகளில் அந்தச் சோதனையைச் செய்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடுவார்கள். வானாய்வகத்திலிருந்து கோட்டை 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பரங்கிமலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். தீப்பொறி தெரிந்ததிலிருந்து சத்தம் வந்து சேரும் வரை எத்தனை விநாடி என்று நாள்தோறும் குறித்துவைத்தார்கள். தூரம் தெரிந்ததால் வேகம் கிடைத்தது. குளிர்ந்த மாதங்களில் ஒலி மெதுவாகவும் வெயில் மாதங்களில் விரைவாகவும் சென்றது. நமக்கு வேகம் தெரியும், எனவே தூரம் கிடைக்கிறது. அந்த மாத வேறுபாடு நம் கணக்கைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல.

எண்ணுவதில் ஒரு கவனம் வேண்டும். மின்னலின் பாதை சில கிலோமீட்டர் நீளம் இருக்கும். அதில் நமக்குக் கிட்டத்தில் உள்ள பகுதியின் சத்தம் முதலில் வரும், எட்டத்தில் உள்ளது பிறகு வரும். இடி உருள்வது அதனால்தான். செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளின் மொட்டைப் பாறைகளும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் உருளல் இன்னும் நீளும். எதிரொலி எப்போதும் பிந்தித்தான் வரும். ஆகவே முதல் உறுமலிலேயே எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். மின்னல்கள் அடுத்தடுத்து வெட்டினால் எந்த இடி எதனுடையது என்பது குழம்பிவிடும். அப்போது எண்ணிப் பயனில்லை.

முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே வெட்டலாம். மழை பெய்யாத இடத்திலும் மின்னல் இறங்கும். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உயரம். படியிறங்க அரை மணி நேரமாவது ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் நகரும் மேகமோ இருபதே நிமிடத்தில் அந்த 10 கிலோமீட்டரைக் கடந்துவிடும். எனவே மலை மேல் இருப்பவர் முப்பதுக்காகக் காத்திருக்கக் கூடாது, முதல் இடி கேட்டதுமே இறங்க வேண்டும். சுற்றிலும் திறந்த மண்டபம், மதிலோரம், பாறை இடுக்கு, கொல்லையில் நிற்கும் ஒற்றைப் பனை எதுவும் காப்பாற்றாது. சுவரும் கூரையும் மூடிய கட்டடம், கண்ணாடி ஏற்றிய கார் அல்லது பேருந்து இவைதான் ஒதுங்கத் தகுந்தவை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை அங்கேயே இருங்கள்.