பெட்டி ரெடி, மனை எங்கே?

ஜப்பானின் மியாகி மாகாணத்தில் உள்ள மீன்பிடித் துறைமுகம் ஒனகாவா. கடற்கரையை விட்டு நாலு எட்டு வைத்தால் மலை. 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமி, ஊரின் தாழ்வான பகுதியை வழித்தெடுத்துவிட்டது. அரசு வழக்கமாகத் தரும் தற்காலிக வீடுகளோ ஒற்றைத் தளம் கொண்டவை; வரிசையாக நிறுத்தச் சமதரை வேண்டும். ஒனகாவாவில் கிடைத்தது ஒரு பேஸ்பால் மைதானம்.

கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அந்த மைதானத்தில் 20 அடி கன்டெய்னர்களை மூன்று தளம்வரை அடுக்கி 189 வீடுகளை அமைத்தார். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது சுமையைத் தாங்குபவை கன்டெய்னரின் நான்கு மூலைத் தூண்கள்தான். அதனால் அடுக்குவது எளிது. சிக்கல் அகலத்தில்: வெறும் எட்டு அடி. பக்கச் சுவர்களை இஷ்டத்துக்கு வெட்டினால் பெட்டியின் விறைப்பு போய்விடும். நிலநடுக்க நாட்டில் அது விபரீதம். பான் பெட்டிக்கு வெளியே இடம் பிடித்தார். சதுரங்கக் கட்டங்களைப்போல ஒரு பெட்டி, ஒரு இடைவெளி. பெட்டிக்குள் குளியலறையும் படுக்கையறையும். இடைவெளியில் கண்ணாடி பதித்த, வெளிச்சமான கூடம்.

பணி முடிந்தது நவம்பரில்.

எட்டு மாதமா என்று கேட்கலாம். தளத்தில் அஸ்திவாரம் போடும்போதே தொழிற்சாலையில் வீடு தயாராவதுதான் இம்முறையின் பெரிய லாபம். ஆனால் மனை, அனுமதி, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எதுவும் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்க அரசு வாங்கிய நடமாடும் வீடுகளில் ஆயிரக்கணக்கானவை, ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் நகர விமான நிலையத்தில் காலியாக நின்றன. வெள்ளச் சமவெளியில் அவற்றை வைக்க அரசின் விதியே தடையாக இருந்தது! குடியேறியவர்களுக்கும் நிம்மதியில்லை. சிறிய டிரெய்லர் வீடுகளின் ஒட்டுப்பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்தது. 2008-ல் அவர்களை வேறிடம் மாற்றச் சொன்னது அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம்.

அக்கம்பக்கம் என்ற ஒன்றும் இருக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின், முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் வீடுகளை ஒதுக்கினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பழகிய தெருக்கள் சிதறின. தற்காலிக வீடுகளில் 200-க்கும் மேற்பட்டோர் கவனிப்பாரின்றித் தனியே இறந்துபோனார்கள்.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது, இஷிகாவா மாகாணம் பாடம் கற்றிருந்தது. தற்காலிக வீடுகளுக்கான இரண்டு ஆண்டுக் கெடு முடிந்தபின், அக்கம்பக்கம் மறுபடி சிதறாமல், நிரந்தரக் குடியிருப்பாகவே மாற்றக்கூடிய மர வீடுகளையும் கட்டியது. சுசூ நகரில் பான் வடிவமைத்தவை இரண்டு தள மர வீடுகள். மரத்தொகுதிகள் தொழிற்சாலையில் தயாரானவை.

மனை விஷயத்தில்தான் மறுபடி சறுக்கல். அதே தீபகற்பத்தின் வாஜிமா நகரில் தற்காலிகக் குடியிருப்புகள் சில, வெள்ள அபாய வரைபடத்தில் ஏற்கெனவே குறிக்கப்பட்ட இடங்களில் எழுந்தன. செப்டம்பர் பெருமழையில் உள்ளே தண்ணீர் புகுந்தது. வேறு நிலம் கிடைக்கவில்லை என்பதே விளக்கம். ஆண்டு முடிவதற்குள் பழுதுபார்த்து, அதே இடத்தில்தான் மக்களைத் திரும்பக் குடியேற்றினார்கள்.