பட்டிக்கு வரும் புது நாய்க்குட்டி: முதல் 3 மாதம் முக்கியம்

வெள்ளகோவில், காங்கயம், மூலனூர் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது பெரும் துயரமாகிவிட்டது. இறந்த ஆடுகளுடன் சாலைக்கு வந்து விவசாயிகள் இழப்பீடு கேட்டதையும் பார்த்தோம். இதனால் பலர் காவலுக்குக் குட்டி வாங்கி வளர்க்கின்றனர். அந்தக் குட்டி வீட்டோடு பழகாமல் ஓடிவிட்டால், நாளை அதுவும் தெருநாய்க் கூட்டத்தில் ஒன்றாகிவிடும்.

எந்தக் குட்டி?

தாயிடம் 2 மாதம் வளர்ந்த குட்டியாக வாங்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டை நாய்கள். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் குணம் என்பதால், ஆட்டோடு பழக்கக் கூடுதல் பொறுமை தேவை. காவலுக்கு நல்ல நாட்டுக்குட்டியே போதும்.

முதல் 3 நாள்

தாய் படுத்திருந்த சாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த வாசனை இருந்தால் குட்டி இரவில் அழுவது குறையும். பழைய உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றலாம். அழுதால் அடிக்கவோ, இருட்டறையில் அடைக்கவோ கூடாது. ஆள் படுக்கும் இடத்துக்கு அருகில் விடுங்கள். தறிக்கூடம் உள்ள வீடுகளில் சத்தத்துக்குத் தள்ளி இடம் கொடுத்து, நாளாக நாளாக அருகே கொண்டுவரலாம்.

ஆட்டோடு பழக்கம்

முதல் வாரத்திலிருந்தே தினமும் இரண்டு முறை, 10 நிமிடம், கயிற்றில் பிடித்தபடி பட்டிப் படலுக்கு வெளியே உட்கார வையுங்கள். அமைதியாக இருந்தால் தீனி கொடுங்கள். துரத்தப் பாய்ந்தால் அடிக்காமல் விலக்கிக் கொண்டு போய்விடுங்கள். குட்டி ஈன்ற ஆடு முட்டும், அதனருகே விடக்கூடாது. ஒரு வயது வரை ஆட்டுக்குட்டிகளோடு தனியே விட வேண்டாம். விளையாட்டாகக் கடித்தாலும் ஆட்டுக்குட்டி செத்துவிடும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் நாய் முரடாகும். இரவில் அவிழ்த்துவிட்டால் ஊர் சுற்றப் பழகும். இரண்டும் வேண்டாம்.

நோய்த் தடுப்பு

கால்நடை மருத்துவர் ஆலோசனைப்படி குடற்புழு நீக்கம், 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஊக்க ஊசிகள் போட வேண்டும். செத்த ஆட்டின் தலை, ஈரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதிலுள்ள நாடாப்புழுக் கட்டிகள் நாயின் குடலில் புழுவாகி, முட்டைகள் சாணத்தில் வெளியேறும். அது விழுந்த புல்லை மேயும் ஆட்டின் மூளையில் கட்டி உண்டாகி, ஆடு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து சாகும். எலி மருந்து, குருணை மருந்துகளைப் பூட்டி வையுங்கள்.

ஒரு நாய் ஒரு கூட்டத்தை எதிர்த்து நிற்க முடியாது. குரைத்து உங்களை எழுப்புவதே அதன் வேலை. எனவே கிளுவை வேலியோடு நிறுத்தாமல், இரவு அடைக்கும் பட்டிக்குக் கம்பிவலையும் விளக்கும் போடுங்கள். பருவம் வந்த நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். பழகாத குட்டியைச் சாலையோரம் விட்டுவிடாமல், வளர்க்க விரும்புபவரிடம் ஒப்படையுங்கள். விட்டுவிட்டு வரும் குட்டி பசியெடுத்தால் தேடிப்போவது அடுத்தவர் பட்டியைத்தான்.