அச்சும் மாவும்



வலைப்பக்கம் அமைக்கும் கலையில் ஒரு சிறு கூறினை இங்கே விளக்க விரும்புகிறேன். சிறிது என்று தள்ளத் தக்கதன்று அது. திரையில் நம் மொழி பிழையின்றி நிற்பதும் நகைப்புக்கு இடமாவதும் அதனைப் பொறுத்தவை.

முறுக்கு அச்சினை அறியாதார் நம்மில் இல்லை. அச்சு ஒன்றே, இடுகின்ற மாவு வேறு வேறு. வலைத்தளத்திலும் அவ்வாறே. உறுப்பினர் பட்டியல், நிகழ்ச்சிப் பக்கம், வாழ்த்துப் பக்கம் ஆகிய மூன்றிலும் உறுப்பினரைப் பற்றிய குறிப்பு வரவேண்டும் எனக் கொள்வோம். அதனை மூன்று முறை எழுதுவானேன்? ஒருமுறை எழுதித் தனிக்கோப்பாக வைத்து, வேண்டிய இடங்களில் அழைக்கலாம். இதுவே 'பார்ஷியல்' எனப்படுவது. 2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸில் இக்கோப்பின் பெயர் அடிக்கோட்டுடன் தொடங்கும்.

இக்கருத்து பழையது. ஒருமுறை எழுதிய கட்டளைத் தொகுதியைப் பலமுறை பயன்படுத்தும் முறையை வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இலேயே நூலாக விளக்கினர். நம் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இல் வந்த எச்.இ.சி.-2எம் கணிப்பொறியின் நினைவகம் 1,024 சொற்களே கொண்டது. அத்தகைய பொறியில் ஒன்றையே இருமுறை எழுத இடமேது?

அச்சு ஆயத்தம், மாவினை எவ்வாறு தருவது? வழி இரண்டு. பக்கத்துக்கு உரிய பொதுப் பொருள்களைப் பார்ஷியல் தானே எடுத்துக்கொள்வது ஒன்று. அழைப்பவர் பெயர் சொல்லிக் கையில் கொடுப்பது மற்றொன்று. முன்னது எளிது, ஆயினும் வேறு பக்கத்துக்குக் கொண்டு சென்றால் அப்பொருள் அங்கே இராது. பின்னதே சிறந்தது. ரெயில்ஸில் 'லோக்கல்ஸ்' என்றும், ஜாங்கோவில் 'வித்' என்றும் கூறிக் கொடுக்கிறோம். ஜாங்கோவில் 'ஒன்லி' என்றும் சேர்த்தால், கொடுத்தது தவிரப் பிறிதெதுவும் உள்ளே புகாது. கொடுக்க மறந்த பொருளை நாடினால் ரெயில்ஸ் பிழையென்று நின்றுவிடும். ஜாங்கோவோ வெற்றிடம் விட்டு வாளா செல்லும். ஆகவே அங்கே விழிப்பு மிகுதியாக வேண்டும்.

இனி எதனைக் கொடுப்பது என்பதே தலையாய கேள்வி. பெயர் மட்டும் போதும் என்பர். வங்காள மொழியின் வினைமுற்று ஆண்பால் பெண்பால் காட்டுவதில்லை. மரியாதை வேறுபாட்டை மட்டுமே காட்டும். தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தார் என மூன்றும் உண்டு. அச்சுக்குள் 'வந்தான்' என்று பதித்துவிட்டால் மாலாவும் வந்தான் ஆவாள்!

வேற்றுமை உருபு இன்னும் நுட்பமானது. பெயரோடு 'க்கு' ஒட்டும் அச்சினை 'வள்ளி' என்ற பெயரால் சோதித்தால் 'வள்ளிக்கு' எனச் சரியாகவே வரும், குறை தெரியாது. முருகன் வந்தாலோ 'முருகன்க்கு'! மாலா வந்தால் 'மாலாக்கு'! முருகனுக்கு, மாலாவுக்கு என எழுதும் தமிழன் இதனைக் கண்டு நாணாதிருப்பானோ?

தீர்வு அரிதன்று. உருபேற்ற வடிவத்தையும் வினைமுற்றையும் தனித்தனிப் பொருளாக அச்சுக்குக் கொடுங்கள். இயலாவிடில் 'பெறுநர்: மாலா' எனப் பெயர் தனித்து நிற்குமாறு வாக்கியத்தை அமையுங்கள், பால் தெரியாத இடத்தில் 'வந்தார்' என்றே எழுதுங்கள். மெய்யில் முடிவது, ஆகாரத்தில் முடிவது, இகரத்தில் முடிவது என மூவகைப் பெயராலும் சோதியுங்கள்.

பிறமொழிக்கு வார்த்த அச்சில் தமிழைத் திணித்து, தமிழ் கணிப்பொறிக்கு ஏலாது என்று சொல்வது பேதைமை. குறை மாவில் இல்லை நண்பர்களே, அச்சில் இருக்கிறது! அச்சினைத் திருத்த வல்லவர்கள் நாமே.