தேசமும் உதைபந்தாட்டமும்: ஈழத்தமிழர் அணி பற்றிய ஒரு குறிப்பு

உதைபந்தாட்ட அணி தேசத்தின் அடையாளத்தைப் பிரதிபலிக்கின்றது என்பது பொதுவான கூற்று. அடையாளம் முன்னரே முழுமைபெற்றிருக்க, அணி அதனைக் கண்ணாடிபோற் காட்டுகிறது என்பதே இதன் உட்கிடை. வரலாறு இதனை ஏற்பதில்லை.

1958 ஏப்ரலில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிய அல்ஜீரிய வீரர் சிலர் இரகசியமாகத் துனிஸ் சென்று தேசிய விடுதலை முன்னணியின் அணியாகத் திரண்டனர். ரஷீத் மெக்லூபி, முஸ்தபா ஸித்தூனி ஆகியோர் அவ்வாண்டு உலகக் கிண்ணத்திற் பிரான்சுக்காக ஆடும் வாய்ப்பைத் துறந்தவர்கள். அல்ஜீரியா சுதந்திரமடைந்தது 1962இலேயே. அரசுக்கு முன் அணி தோன்றிற்று. ஆயினும் போராடும் மக்கள் திரளொன்று அதன் பின்னே நின்றது.

ஈழத்தமிழரின் நிலை வேறு. 'தமிழீழம்' என்னும் பெயரிலான அணி, 2009இல் யுத்தம் முடிவுற்றதன் பின்னர், 2012இல் களமிறங்கியது. அவ்வாண்டு குர்திஸ்தானிலும், 2014இற் சுவீடனிலும், 2018இல் இலண்டனிலும், சர்வதேசச் சம்மேளனத்தில் இடம்பெறாத அணிகளுக்கான உலகப் போட்டிகளில் அது பங்குபற்றியது. இலண்டனிற் குழுநிலை ஆட்டங்கள் மூன்றிலும் தோற்றது. அவற்றில் ஒரு கோலும் பெறவில்லை. வீரர்கள் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள். போராட்டம் முறியடிக்கப்பட்டபின் பிறந்த இவ்வணியைத் தாங்கி நிற்பது பெற்றோரின் நினைவே.

நினைவு மட்டும் போதுமா? யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிரிக்கெட் பெருங் கல்லூரிகளின் கௌரவத்தோடும் மத்தியதர வர்க்கத்தோடும் இணைந்தது. உதைபந்தாட்டத்தின் உயிர்நிலையோ நாவாந்துறை, குருநகர், பாசையூர், மயிலிட்டி முதலிய கரையோரக் கிராமங்கள். கடற்றொழிலாளரின் பிள்ளைகள் அங்கே ஊர்க் கழகங்கள் வாயிலாக அதனைத் தமதாக்கினர். யுத்தம் தாக்கியதும் இக்கரையோரத்தையே. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்கள் 2017இலேயே மீளக்குடியமரத் தொடங்கினர்.

1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த 'தேசிய இலக்கிய' விவாதம் இங்கு நினைவுகூரத்தக்கது. ஈழத்துத் தமிழிலக்கியம் தன் தனித்துவத்தை எய்தியமைக்குக் காரணம் பெயர் மாற்றமன்று. அதுவரை இலக்கியத்துக்குப் புறம்பாயிருந்த உழைக்கும் மக்களின் வாழ்வும் பேச்சும் அதனுட் புகுந்தமையே. அணிக்கும் இதுவே பொருந்தும். கொடியும் சீருடையும் அடையாளத்தை அறிவிக்கலாம். அதனை ஆக்குபவர் மக்களே. புலம்பெயர்ந்த நகரங்களின் இளைஞரும் கரையோர மைதானங்களின் இளைஞரும் ஓரணியில் ஆடும் நிலை தோன்றும்வரை, இவ்வணியின் தேசம் பாதித் தேசமாகவே இருக்கும்.