குன்றும் பச்சையும் – 9: கள்ளிக்குக் கூரை எதற்கு?

மார்கழியில் பனமலைக் குன்று ஏறுகிறவர்கள் ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலையும், அங்கே குடை நிழலில் நிற்கும் உமையின் ஓவியத்தையும் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். இந்த வாரம் கொஞ்சம் கீழேயும் பாருங்கள் என்கிறேன். செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் குன்றுகளில் ஒரு பிடி மண்கூட இல்லாத பாறை வெடிப்பில் சதுரக்கள்ளியும் பிரண்டையும் வேர்விட்டிருக்கும்.

குளிர்நாடுகளில் கள்ளி பார்க்க வேண்டுமென்றால் கட்டடத்துக்குள் போக வேண்டும். லண்டன் க்யூ தோட்டத்தில் 1987-இல் திறந்த கண்ணாடி மாளிகைக்குள், வெளியே உறைபனி கொட்டும்போதும் பாலைவனச் செடிகள் வெதுவெதுப்பில் இருக்கின்றன. நம் ஊரில் குளிருக்குப் பயமில்லை. இங்கே கள்ளி வளர்ப்பவர்கள் கூரை போடுவது மழைக்காக. 2024 ஃபெஞ்சல் புயலில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெடிய சகுவாரோ கள்ளிகள் நிற்கும் அமெரிக்காவின் டூசான் நகரத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்ந்தே சுமார் 30 சென்டிமீட்டர்தான். அந்த ஊர்ச் செடியை நம் மொட்டை மாடியில் ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? மண்ணில் காற்று இருந்த இடமெல்லாம் நீர் நிரம்பி வேர் மூச்சு முட்டும், பூஞ்சை ஏறும். மேலே பச்சையாகவே இருக்கும். அடித்தண்டை விரலால் அழுத்தினால் பழுத்த பழம்போல் உள்ளே போகும். அப்போது காப்பாற்ற நேரம் கடந்திருக்கும். ஒளி ஊடுருவும் ஷீட்டைக் கூரையாகப் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுவதே நமக்கு ஏற்ற கள்ளி வீடு. மண்ணில் பாதிக்கு மேல் பெருமணலும் உடைத்த செங்கல்லும் இருக்கட்டும்.

குன்றின் சதுரக்கள்ளிக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். சரிந்த பாறையில் விழும் மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. கிடைத்ததைச் செடி தண்டில் சேர்த்துக்கொள்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: தண்டின் விளிம்பில் மேடு மேடாகப் பற்கள், ஒவ்வொன்றிலும் இரட்டை முள். மெக்சிகோ பக்கத்துச் சப்பாத்திக்கள்ளியில் முள் கிளம்பும் இடத்தில் பஞ்சுத் திண்டு மாதிரி ஒரு புள்ளி இருக்கும். சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வரும், சப்பாத்தியில் வராது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கீறிப் பார்க்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு குடும்பம். வறட்சிதான் இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்தது.

இந்த வகைச் செடிகள் பல பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமில வாயு அமிலமாகத் தேங்கி, பகல் வெளிச்சத்தில் செலவாகிறது. இதற்கான தடயத்தை நாவால் கண்டவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஜெர்மானியர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் கசக்கிறது என்று 1813-இல் கடிதம் எழுதினார். அது முழுதாக விளங்க இன்னொரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் மண்ணில் நடந்த கண்டுபிடிப்பு. பள்ளிப் பாடத்தில் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

சப்பாத்திக்கள்ளியின் கதை வேறு. சாயப்பூச்சி வளர்க்க, கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாய வியாபாரம் தேறவில்லை. கள்ளி மட்டும் தென்னிந்தியா முழுக்கப் பரவி வயலை விழுங்கியது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த இன்னொரு பூச்சிதான் சில ஆண்டுகளில் அதை அடக்கியது.

வந்த செடிக்கு இவ்வளவு வரலாறு எழுதியிருக்கிறோம். இருக்கிற செடியை யாரும் கேட்பதில்லை. திருவக்கரை பக்கம் போனால் ஜல்லிக்காகக் குன்றுகள் உடைபடுவதைப் பார்க்கலாம். பாறை போனால் வெடிப்பும் போகும், வெடிப்பில் இருந்ததும் போகும். மரம் போனால் வேறிடத்தில் நடலாம் என்கிறோம். பாறைச் செடிக்கு அந்த மாற்றிடமும் கிடையாது.

வானூர் வட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் தோட்டத்தில் கள்ளிகளுக்குத் தனி இடம் உண்டு. திண்டிவனத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வரலாம். வீட்டில் ஒன்று வேண்டுமென்றால் குன்றில் கை வைக்காதீர்கள். கிராமத்து வேலியில் சதுரக்கள்ளி இருக்கும், ஒரு கிளை கேட்டால் கொடுப்பார்கள். பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்து, தை பிறந்தபின் நடுங்கள்.

(தொடரும்)